பழனி சாலையில் நாற்பத்தைந்து மீட்டர்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்–பழனி சாலையில் இரண்டு வேகங்கள் அருகருகே போகத் தொடங்கும். ஒன்று மணிக்கு நான்கு கிலோமீட்டர், மற்றது எண்பது. நான்கில் போகிறவர் மாலை போட்டு, விரதம் இருந்து, பையையோ காவடியையோ சுமந்து, பெரும்பாலும் செருப்பில்லாமல் நடக்கிறவர். எண்பதில் போகிறவர் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கேரளா போய்ச் சேர வேண்டிய லாரி டிரைவர். அல்லது கடைசி பஸ்ஸை ஓட்டுகிறவர். அல்லது அதே முருகனைக் கும்பிட இரவோடு இரவாகக் காரில் வருகிறவர். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் இவர்கள் அத்தனை பேருக்கும் இருப்பது ஒரே தார்ச்சாலையின் ஓரம்.

இரு தரப்பும் சொல்லும் குறைகள் ஊரறிந்தவை. "மண்ணு கெடக்குதுல்ல, அதுல நடக்காம எதுக்கு ரோட்டுல ஏறி நடக்குறாங்க?" என்பார் டிரைவர். "இவ்வளவு பெரிய ஆளு நடந்து வர்றது கண்ணுக்குத் தெரியலையா?" என்பார் நடக்கிறவர். இரண்டுமே கோபத்தில் கேட்பவைதான். ஆனால் இரண்டுக்கும் அறிவியலில் நேரான பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் திமிருக்கும் அலட்சியத்துக்கும் உள்ள பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இந்தச் சாலையில் நடை புதிதல்ல. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வழிநெடுக இருக்கும் ஊர்கள் எல்லாம் ஒருகாலத்தில் நடந்து வந்தவர்கள் தங்கிப் போன இடங்கள். காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடப்பதை நானூறு ஆண்டு வழக்கம் என்பார்கள். சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கொங்கு நாட்டார் தாராபுரம் வழியாக நடக்கிறார்கள். நடை பழையது, அதன் தோளை உரசிப் போகும் வேகம்தான் புதியது.

ஏன் மண்ணில் நடப்பதில்லை?

டிரைவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதளத்தில் கால் ஊன்றும்போது, அந்த எடை உள்ளங்காலில் ஏறத்தாழ நூறு சதுர சென்டிமீட்டருக்குப் பரவுகிறது. அதே கால் சாலையோரச் சரளையில் விழுந்தால், எடையைத் தாங்குவது நாலைந்து கற்களின் முனைகள் மட்டுமே. எடை மாறவில்லை, தாங்கும் பரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அப்படியானால் அழுத்தம் பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நடப்பவர் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கால் ஊன்றுகிறார். நெருஞ்சியும் வேலிக்கருவை முள்ளும் இதில் சேர்த்தி இல்லை. தாரின் வழவழப்பை நோக்கிக் கால் தானாக நகரும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

பகலில் கதை இன்னும் சிக்கல். புதுத் தார் தன்மேல் விழும் சூரிய ஒளியில் இருபதில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதியை விழுங்கிச் சூடாகிறது. பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்குத் தாரின் மேற்பரப்பு 55, 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். வெள்ளை பெயிண்ட் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பிவிடுவதால் அவ்வளவு சுடாது. கோயில் பிராகாரங்களில் வெள்ளைப் பூச்சு அடித்து வைப்பது இதே கணக்கில்தான். சாலையில் அந்த வெள்ளை எங்கே இருக்கிறது? வண்டி ஓடும் பாதையின் விளிம்புக் கோடாக. பகலில் வரும் யாத்திரிகர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோட்டின் மேலேயே அடி வைத்துப் போவதை இந்தச் சாலையில் எவரும் பார்க்கலாம். வெறுங்காலுக்கு அதுதான் குளிர்ந்த இடம். லாரியின் இடது சக்கரத்துக்கும் அதுதான் எல்லை.

வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்தால் சூட்டுப் பிரச்சினை தீரும். அங்கேதான் இரண்டாவது கேள்வி பிறக்கிறது.

அவர் பார்த்தார், இவர் பார்த்தாரா?

இரவில் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஆளில்லாத நீட்டத்தில் நடக்கிறவருக்கு எதிரே வரும் ஹெட்லைட் ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடும். இவ்வளவு வெளிச்சம் தன்மேல் விழுகிறதே, டிரைவர் தன்னைப் பார்க்காமலா இருப்பார் என்று அவர் நினைக்கிறார். இயல்பான நினைப்புதான், ஆனால் ஆபத்தானது. நடப்பவர்கள், தாங்கள் டிரைவருக்குத் தெரியும் தூரத்தை உண்மையைவிட மிகக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்பது 1970 முதல் செய்யப்பட்ட சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

ஹெட்லைட் என்பது வெளிச்சத்தின் ஊற்று. அதிலிருந்து கிளம்பும் ஒளி ஒரு வழி மட்டும் பயணம் செய்து நடப்பவரின் கண்ணை அடைகிறது. டிரைவருக்கு நடப்பவர் தெரிய வேண்டுமானால், அதே ஒளி போய், அவர் வேட்டியில் பட்டு, எல்லாத் திசைக்கும் சிதறி, அதில் மிச்சம் மீதி திரும்பி வர வேண்டும். போகும்போதும் தேய்மானம், வரும்போதும் தேய்மானம். துணி கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் திரும்ப ஒன்றும் மிஞ்சாது. மார்கழியில் சபரிமலை போய்வரும் வழியில் பழனிக்கு வரும் ஐயப்ப பக்தர்களின் கறுப்பு வேட்டி இதில் மிக மோசம். மங்கிய ஒளியில் சிவப்பும் கறுத்துவிடும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்னது இது. டிம் லைட்டில் வரும் காருக்கு இருண்ட உடை அணிந்தவர் ஏறக்குறைய 40 முதல் 50 மீட்டருக்குள் வந்தால்தான் ஆள் என்று தெரிகிறார்.

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா இருக்கிறதே என்று கேட்கலாம். நிலா நடப்பவருக்கு உதவும்; இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில் பாதை தெரியும். டிரைவரின் கண்ணோ தன் வண்டியின் வெளிச்சத்துக்குப் பழகியது. முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான். வண்டிக்கு முன்னால் தரையில் விழும் ஹெட்லைட் அதைப்போலப் பல மடங்கு. அதற்குப் பழகிய கண்ணுக்கு நிலா இருந்தும் இல்லாத கணக்கு.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலை அமெரிக்க உளவியலாளர்கள் ஹெர்ஷல் லீபோவிட்ஸும் ஆல்ஃபிரட் ஓவன்ஸும் 1970களில் எடுத்துச் சொன்னார்கள். நம் பார்வைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று வழி பார்ப்பது: சாலை எங்கே வளைகிறது, வண்டி கோட்டுக்குள் இருக்கிறதா என்பது. மற்றது ஆள் பார்ப்பது: அங்கே நிற்பது மனிதனா, மைல் கல்லா, புதரா என்பது. வெளிச்சம் குறையும்போது ஆள் பார்க்கும் திறன் சடசடவென்று விழுந்துவிடும். வழி பார்க்கும் திறனோ கடைசி வரை தாக்குப் பிடிக்கும். விளைவு என்னவென்றால், டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிப்பதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. வண்டி நூல் பிடித்ததுபோல் போகிறது. ஆகவே தனக்கு எல்லாம் தெரிகிறது என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் போகிறார். பார்வையின் பாதி இறந்துவிட்ட செய்தி அவருக்கு எட்டுவதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

இருண்ட உடைக்காரர் தெரியும் அந்த 40, 50 மீட்டருக்கு நடுவே 45 மீட்டரை வைத்து இப்போது கணக்குப் போடுவோம். ஆபத்தைக் கண்டதும் மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொள்வோம். சாலை அமைக்கும் பொறியாளர்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி இரண்டரை வினாடி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாம் சுறுசுறுப்பான டிரைவரையே எடுத்துக்கொள்கிறோம். தார் காய்ந்திருக்கிறது, டயரும் பிரேக்கும் நல்ல நிலை. அப்படிப்பட்ட கார் அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு வினாடியும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை இழக்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், பிரேக்கில் கால் படுவதற்கு முன் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. பிறகு நிற்க 20 மீட்டர் எடுக்கிறது. மொத்தம் 45. நடப்பவரின் வேட்டி நுனிக்கு முன்னால் கார் நிற்கிறது. டிரைவர் திட்டுவார், நடப்பவரும் திட்டுவார், இருவரும் வீடு போய்ச் சேர்வார்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒன்றரை வினாடிக்குள் 33 மீட்டர் ஓடிவிடுகிறது. மிச்சம் 12 மீட்டர்கூட இல்லை. அந்த 12 மீட்டர் முழுக்க பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும், நடப்பவரைத் தொடும்போது காரின் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர்.

வேகத்தில் வித்தியாசம் இருபதுதான். ஆனால் ஒரு கார் தொடவேயில்லை, மற்றது 65-இல் மோதுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவதால்தான் இந்த விபரீதம்: 60-ஐவிட 80 மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல், ஆனால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 78 சதவீதம் கூடுதல். உடம்புக்கும் இதே கணக்குதான். நடப்பவர் மேல் மோதும் காரின் வேகம் 50-லிருந்து 65 ஆனால் அவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு ஆகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஸ்வீடனின் யோரன் நில்சன் சாலைகளின் சராசரி வேகத்தையும் சாவுகளையும் ஒப்பிட்டு ஒரு விதியைத் தந்தார்: உயிர் குடிக்கும் விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்குகின்றன. சராசரி வேகம் ஐந்து சதவீதம் குறைந்தால் அப்படிப்பட்ட விபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

இதெல்லாம் சின்ன விஷயமல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர்.

சலங்கை கட்டும் இடத்தில் பட்டை

நடப்பவரை 45 மீட்டருக்குப் பதில் 150 மீட்டரில் தெரிய வைத்துவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகும். அதற்கான பொருள் மலிவானது. தைப்பூச நாட்களில் போலீசார் பாதயாத்திரை செல்வோரை நிறுத்திப் பைகளில் ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கர்தான் அது.

அது தானாக ஒளிர்வதில்லை. வந்த வெளிச்சத்தை வந்த வழியே அனுப்புகிறது. கேரம் போர்டின் மூலையில் ஸ்ட்ரைக்கர் ஒரு பக்கச் சட்டத்தில் பட்டு, அடுத்த சட்டத்திலும் பட்டால், எந்தக் கோணத்தில் போனதோ அதற்கு இணையாகவே திரும்பி வரும். ஸ்டிக்கருக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படிப்பட்ட மூலைகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டிருக்கும். மூன்று பக்கச் சுவர்கள் கொண்ட மூலைகள். இன்னொரு வகையில் நுண்ணிய கண்ணாடி மணிகள் இதே வேலையைச் செய்யும். இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-இல் காப்புரிமை பெற்ற சாலை நடுவிலான 'பூனைக்கண்' இதற்கு மூத்த உறவு. வேட்டி எல்லாத் திசைக்கும் சிதறடித்து வீணாக்கும் ஒளியை இது ஒரு குறுகிய கூம்பாகக் காருக்கே திருப்புகிறது. டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் இருப்பதால் அவருக்கு அது நெருப்பாகத் தெரியும். பக்கத்தில் நடப்பவருக்கோ வெறும் சாம்பல் நிறத் துண்டு. ஒட்டிக்கொண்டவரே அதை நம்பாமல் கிழித்துப் போடுவதற்கு இதுவும் காரணம்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் அறிவியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிம் லைட்டின் ஒளிக்கற்றை கீழ்நோக்கிச் சாய்ந்து வரும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு, நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் இறங்கினால், 40 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே. இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்படி விளக்குகள் செய்யப்பட்டாலும், தொலைவில் நல்ல வெளிச்சம் முதலில் எட்டுவது பாதத்தைத்தான். முதுகுப் பை இருட்டில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். நிற்கும்போது பார்த்தால் சிதறிய புள்ளிகள், அவ்வளவுதான். நடக்கத் தொடங்கியதும் பார்ப்பவர்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 'மனிதர்' என்றார்கள். மனித நடையின் ஆட்டத்தை அடையாளம் காண மூளைக்குள் தனித் தேர்ச்சி இருக்கிறது. பின்னர் ஆஸ்திரேலியாவின் ஜோவான் வுட், அமெரிக்காவின் ரிச்சர்ட் டைரல் முதலியோர் இரவில் டிரைவர்களை வைத்துச் சோதித்தபோது, மார்பில் மட்டும் ஒளிச்சட்டை போட்டவரைவிட, கணுக்கால், முழங்கால், மணிக்கட்டுகளில் பட்டை கட்டியவரை மிகத் தொலைவிலேயே ஆள் என்று கண்டுகொண்டார்கள். ஆடாத ஸ்டிக்கர் மைல் கல்லாகவும் இருக்கலாம், கம்பத்தில் அடித்த தகடாகவும் இருக்கலாம். மேலும் கீழும் மாறி மாறி ஆடும் இரண்டு பட்டைகள் மனிதக் காலாக மட்டுமே இருக்க முடியும்.

ஆகவே பட்டைக்கு உரிய இடம் பையல்ல, கால். காவடி எடுப்பவர்கள் சலங்கை கட்டும் அதே இடம்.

எந்தப் பக்கம் நடப்பது?

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. அப்படியானால் நடப்பவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதே நல்லது. வண்டி விலகவில்லை என்று தெரிந்தால் கடைசி வினாடியில் இவராவது விலகலாம். பின்லாந்தில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வண்டிகளை எதிர்நோக்கி நடப்பவர்களுக்கு விபத்து நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைவு என்று கண்டது. ஆனால் பழனி பாதயாத்திரையில் பெரும்பாலான கூட்டம் வண்டிகளோடு சேர்ந்து இடப்பக்கமே போகிறது. டீக்கடை, அன்னதானப் பந்தல், ஓய்வுக் கொட்டகை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கூட்டம். பந்தல் போடுகிறவர்கள் பக்கம் பார்த்துப் போட்டால், சாலையைக் குறுக்கே கடக்கும் தேவையும் பாதி குறையும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. வலப்பக்கம் எதிர்நோக்கி நடப்பவருக்கு முதுகுப் பையில் ஒட்டிய ஸ்டிக்கர் உதவாது. ஆபத்து வருவது முன்னாலிருந்து. காலைச் சுற்றிக் கட்டிய பட்டை எந்தப் பக்கம் நடந்தாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும்.

கூட்டத்தின் காவல்

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் சாலை முழுக்க மனிதர்கள். அப்போது ஆபத்து கூடுமா, குறையுமா? அமெரிக்காவின் பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல நகரங்களின் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் இரட்டிப்பானால் விபத்துகள் இரட்டிப்பாவதில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவே கூடுகின்றன. தலைக்குக் கணக்கிட்டால் ஒவ்வொருவருக்கும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கூட்டத்தைக் கண்ட டிரைவர் எதிர்பார்ப்போடு ஓட்டுகிறார், வேகத்தைத் தானே குறைக்கிறார் என்பதுதான் இதற்கு ஏற்கத்தக்க விளக்கம்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். கூட்டம் கலைந்த இடத்தில் எதிர்பார்ப்பும் கலைந்துவிடுகிறது. முழங்கால் வலித்துப் பின்தங்கியவர், கோஷ்டியை விட்டுத் தனியே வேகமாக முன்னேறியவர், தைப்பூசம் முடிந்து கூட்டம் வடிந்த பின் வருகிறவர், மார்கழியிலேயே கிளம்பிவிட்ட நாலைந்து பேர்: இவர்கள் டிரைவரின் மனக்கணக்கில் இல்லாதவர்கள். போலீசும் தொண்டர்களும் கூட்டம் நிறைந்த நாளில் சாலையில் நிற்கிறார்கள். ஒரு தலைக்கான ஆபத்து கூட்டமில்லாத இரவில்தான் மிகுதி.

இடைவெளியும் காற்றும்

இடிக்காமல் போனால் போதுமா என்றால், அதுவும் போதாது. பெரிய வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது அதன் மூக்குக்கு முன்னால் அழுத்தம் கூடுகிறது, பக்கவாட்டில் குறைகிறது. ஓரமாகப் போகிறவரை அந்தக் காற்று முதலில் வெளியே தள்ளுகிறது, அடுத்த கணமே வண்டியை நோக்கி இழுக்கிறது. இந்த விசையும் வேகத்தின் இருமடியில் ஏறும்: பஸ்ஸின் வேகம் 40-லிருந்து 80 ஆனால் உதறல் நான்கு மடங்கு. காற்றுப் பிடிக்கும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளல். மயிற்பீலி கட்டிய வளைவுக் காவடியைத் தோளில் வைத்திருப்பவர் இதில் பாய்மரம் விரித்த நிலையில் இருக்கிறார்.

டிரைவர் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து இயன் வாக்கர் தன் சைக்கிளில் ஒலியலைக் கருவி பொருத்தி அளந்தார். 2,300-க்கு மேற்பட்ட வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. பெண்ணின் நீளமுடி விக் வைத்துக்கொண்டபோது கூடுதல் இடம் கிடைத்தது. சோதனைக்கிடையே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தும்விட்டன. 'இவர் விவரமானவர், சமாளிப்பார்' என்று தோன்றினால் டிரைவர் நெருங்குகிறார். தடுமாறக்கூடியவர் என்று தோன்றினால் விலகுகிறார். பல நாடுகள் ஒன்றரை மீட்டர் இடைவெளியைச் சட்டமாக்கியிருப்பது இதை டிரைவரின் மதிப்பீட்டுக்கு விடாமலிருக்கத்தான்.

தூக்கம் வேறு இருக்கிறது. உடம்பின் உள்கடிகாரம் விழிப்பை மிகத் தாழ்த்தி வைக்கும் நேரம் அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து. சந்தை லாரியும் இரவுப் பயணக் காரும் ஓடும் நேரம் அது. வெயிலுக்கு முன் முடிந்த வரை நடந்துவிட யாத்திரிகர் எழும் நேரமும் அதுவே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. காலையில் வேலைக்குப் போய்விட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழனிக்குக் கிளம்பும் பக்தர் ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டியவர் ஆகிறார். அவர் மூன்று வினாடி கண்ணயர்ந்தால் கார் 67 மீட்டர் தானாக ஓடும்.

பிரிப்பது, அல்லது மெதுவாக்குவது

இவ்வளவும் தெரிந்த பின் சாலையை என்ன செய்வது? ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கையின் சாரம் எளிது: மனிதர் தவறு செய்வார்கள், தவறுக்குத் தண்டனை சாவாக இருக்கக் கூடாது. நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் வேகம் 30-க்குள் இருக்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் இருவரையும் பிரித்துவிட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

பழனி அடிவாரம் இதில் ஒரு பாதியைச் செய்து காட்டிவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளைத் தொடர்ந்து கிரிவலப் பாதையின் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, 2024-இல் தனியார் வண்டிகளுக்குத் தடை வந்தது. கோயில் நிர்வாகம் பேட்டரி கார்களை ஓட்டுகிறது. மலையைச் சுற்றும் அந்த வீதியில் இப்போது நடப்பவர் முன்னும் பின்னும் பார்க்காமல் நடக்கலாம். ஆனால் அங்கே வந்து சேர்வதற்கு முன் அவர் கடக்கும் 60 கிலோமீட்டர் அப்படி இல்லை.

அந்த நீட்டத்தில் சாலையை ஒட்டிப் பல இடங்களில் பேவர் பிளாக் நடைபாதை போடப்பட்டிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் வெறுங்காலின் இயற்பியலை மறந்தால் அது வீண். கல் பெயர்ந்த இடம், முள் மண்டிய இடம், கடைக்காரர் சரக்கு அடுக்கிய இடம், பாலத்தில் குறுகும் இடம்: இதில் ஒன்று வந்தாலும் கால் தாருக்குத் திரும்பிவிடும். நடைபாதையின் பயன் அதன் மொத்த நீளத்தில் இல்லை, அறுபடாத தொடர்ச்சியில் இருக்கிறது. ஊர்களை விலக்கிப் புதிய தடத்தில் நான்குவழிச் சாலை வரும் பகுதிகள் இன்னொரு வாய்ப்பு. தொலைதூர லாரிகளை அங்கே அனுப்பிவிட்டு, பழைய சாலையை விழாக் காலத்தில் நடப்பவர்களுக்கும் உள்ளூர் வண்டிகளுக்குமாக ஒதுக்கலாம்.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. கோவையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2014-இல் அதற்கெனத் தனிக் குழு அமைத்தது. அதே வழக்கில் 2025 அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் சாலையில் உள்ள இடத்தை வரையறுக்கும் விதிகளை மாநிலங்கள் வகுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ்நாட்டின் விதிகளில் பாதயாத்திரைப் பருவத்துக்கென ஒரு பகுதி இருக்க வேண்டும். எந்தச் சாலை, எந்த நாட்கள், எந்த வேகம், எந்த ஓரம் என்பது முன்கூட்டியே தெரிகிற போக்குவரத்து இது. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பத்து ஆண்டுக்கும் இன்றைக்கே திட்டம் போடலாம்.

பிரிக்க முடியாத இடங்களில் வேகத்தைக் குறைப்பதற்கு என்ன செலவு ஆகும் என்று கேட்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 80-இல் போனால் இருபத்திரண்டரை நிமிடம். 50-இல் போனால் 36 நிமிடம். 50-இல் வரும் கார் நிற்க 35 மீட்டர் போதும். அதாவது பட்டை கட்டாதவர், கறுப்பு வேட்டி கட்டியவர், பின்தங்கித் தனியே நடப்பவர், இவர்கள் யாரைக் கண்டாலும் பத்து மீட்டர் மிச்சம் வைத்து நின்றுவிடும். அதற்கு டிரைவர் தர வேண்டிய விலை பதின்மூன்றரை நிமிடம். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் நேரத்துக்குமேல் அது வராது.